எட்டு டாலர் பென்ஷனும் ஒன்பது தலைமுறையும்

அமெரிக்கப் புரட்சிப் போர் 1775 ஏப்ரல் 19 அன்று மசாசூசெட்ஸின் லெக்சிங்டனில் தொடங்கி, 1783-ல் பாரிஸ் உடன்படிக்கையோடு முடிந்தது. இதே போரின் நீட்சியாக 1783 ஜூனில் நம் கடலூரிலும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தரையிலும் கடலிலும் மோதினார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி தாமதமாக வந்துசேர்ந்த பிறகுதான் அங்கே பீரங்கிகள் ஓய்ந்தன. அமெரிக்க மண்ணில் விடுதலைப் பக்கம் நின்று போரிட்டவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் ஒருவர் தம் நேர் மூதாதையர் என்று ஆவணத்தோடு நிறுவுவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அமெரிக்கக் குடும்பங்களில் ஊறிப்போன வழக்கம். அதற்கென்று சங்கங்கள், நூலகங்கள், கட்டணம் வாங்கித் தேடித் தரும் தொழில்முறை ஆய்வாளர்கள் எல்லாம் உண்டு.

இந்தத் தேடலுக்குப் படையின் சொந்தக் காகிதங்கள் அவ்வளவாக உதவுவதில்லை. போர் முடிந்து முப்பத்தைந்து முதல் ஐம்பது ஆண்டு கழித்து, கிழவர்களாகிவிட்ட சிப்பாய்கள் பென்ஷன் கேட்டுக் கொடுத்த வாக்குமூலங்களே முதுகெலும்பு. அரசு அவர்களைச் சந்தேகித்தது, கேள்விமேல் கேள்வி கேட்டது, சாட்சி கொண்டுவரச் சொன்னது. அந்தச் சந்தேகம் சேர்த்துவைத்த காகிதக் குவியலில்தான் இன்றைய பேரப்பிள்ளைகள் தங்கள் குடும்ப வரலாற்றைத் தேடுகிறார்கள்.

போர்வீரரின் வாரிசு என்று நிரூபித்துப் பயன்பெறும் முறை புரட்சிக்கும் முந்தியது. குடியேற்றக் காலத்தில் பெரும்பாலான ஊர்களில் பதினாறு வயது முதல் அறுபது வயதுவரை உள்ள ஆண்கள் ஊர்ப்படையில் சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும். மசாசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றம் 1636 டிசம்பரில் தன் ஊர்ப்படைகளை ரெஜிமெண்டுகளாக அமைத்தது; இன்றைய அமெரிக்கத் தேசியக் காவல்படை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்த நாளைத்தான். 1675-ல் வாம்பனோக் பழங்குடித் தலைவர் மெட்டாகோமுக்கு எதிராகப் போர் மூண்டது. ஆங்கிலேயர் அவருக்கு இட்ட பெயரால் அது பிலிப் மன்னர் போர் எனப்படுகிறது. அந்த டிசம்பரில் நாரகன்செட் மக்களின் கோட்டையைத் தாக்கக் கிளம்பிய மசாசூசெட்ஸ் சிப்பாய்களிடம், வென்றால் சம்பளம் போக நிலமும் உண்டு என்று புறப்படும்போதே அறிவித்தார்கள். வென்றார்கள். நிலம் வரவில்லை.

ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து, 1730களில்தான் மசாசூசெட்ஸ் சட்டசபை அந்த வாக்கை நிறைவேற்றியது. ஊருக்கு 120 பேர் வீதம் 840 உரிமைதாரர்களுக்கு ஏழு புதிய ஊர்கள் ஒதுக்கப்பட்டன. நாரகன்செட் ஒன்று, நாரகன்செட் இரண்டு என்று எண்ணிட்டு அழைக்கப்பட்ட அந்த ஊர்களில் சில இன்றைய மெய்ன் மாநிலத்தின் பக்ஸ்டன், கோரம், மசாசூசெட்ஸின் வெஸ்ட்மின்ஸ்டர். கொடுக்கப்பட்ட நிலம் எல்லாமே பழங்குடிகள் வாழ்ந்து வந்த நிலம் என்பதை எந்தப் பட்டியலும் குறிக்கவில்லை. நிலம் கைக்கு வருவதற்குள் சிப்பாய்களில் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள். உரிமை கோரி வந்தவர்கள் மகன்களும் பேரன்களும். தகப்பனார் இன்ன கேப்டனின் கீழ் போரிட்டார், நான் அவருடைய மூத்த மகன் என்று அவர்கள் காட்ட வேண்டியிருந்தது. குடியேற்றத்தின் பொருளாளர் ஜான் ஹல் எழுதிவைத்த சம்பளக் கணக்கும் இந்த உரிமைப் பட்டியல்களும் சேர்ந்துதான் அந்தப் போரின் சிப்பாய்களைப் பற்றிய ஆதாரம். ஜார்ஜ் மேடிசன் பாட்ஜ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த நூல் இவற்றின்மேல் எழுந்தது. 1745-ல் லூயிபர்க் கோட்டை முற்றுகை, 1754 முதல் 1763 வரை பிரெஞ்சுக்காரருடன் நடந்த போர் ஆகியவற்றுக்கும் ஆள்பட்டியல்கள் உண்டு. ஆனால் அவை பெயர், ஊர், சம்பள நாள் என்பதற்கு மேல் அதிகம் சொல்வதில்லை.

புரட்சிப் போரில் இரண்டு வகைப் படைகள் இருந்தன. மாநிலங்களின் பொது மன்றமான காங்கிரஸ் திரட்டிய கண்டப் படையில் ஆண்டுக்கணக்கில் சேவை. மாநிலங்களின் ஊர்ப்படையில் சில வாரம், சில மாதம், பிறகு அறுவடைக்கு வீடு. ஒரே ஆள் இரண்டிலும் மாறிமாறி இருந்திருக்கலாம். இன்னொருவருக்குப் பதிலாளாகப் பணம் வாங்கிக்கொண்டும் போயிருக்கலாம். இவர்களைப் பற்றி மத்திய அரசு வைத்திருந்த காகிதங்களில் பெரும்பகுதி 1800 நவம்பர் 8 அன்று வாஷிங்டனில் போர்த்துறை அலுவலகம் எரிந்தபோது சாம்பலாயிற்று. மிச்சத்தில் ஒரு பகுதி 1814-ல் ஆங்கிலப் படை தலைநகருக்குத் தீ வைத்தபோது போனது. பிறகு அரசு தன் சொந்த வரலாற்றை வெளியிலிருந்து விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. தளபதி ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் தலைமை நிர்வாக அதிகாரியாகவும் பிறகு தளவாடத் தலைவராகவும் இருந்த திமதி பிக்கரிங் போன்றோரின் தனிக் காகிதங்கள் 1873-ல் அப்படித்தான் போர்த்துறைக்கு வந்தன. 1890களில் பல துறைகளிலும் சிதறிக் கிடந்த ஆள்பட்டியல்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு, ஒவ்வொரு சிப்பாயின் பெயரிலும் அட்டைகள் எழுதப்பட்டன. மசாசூசெட்ஸ் தன் பங்குக்கு 1896 முதல் 1908 வரை 17 தொகுதிகளில் தன் சிப்பாய்கள், மாலுமிகளின் அகரவரிசையை அச்சிட்டது. ஒரே குடும்பப் பெயருக்கு அதில் பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கூட்டல்கள் வரிசையாக நிற்கும். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதன் விளைவு அது.

இனி பென்ஷன். போர் நடந்தபோதே காங்கிரஸ் அதிகாரிகளுக்கு வாழ்நாள் அரைச் சம்பளம் வாக்களித்தது. 1783-ல் அதை ஐந்தாண்டு முழுச் சம்பளமாக மாற்றியது. ஊனமுற்றவர்களுக்கு ஓரளவு உதவி இருந்தது. சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது நூறு ஏக்கர் நிலத்துக்கான சீட்டு. பலர் அதை அடிமாட்டு விலைக்குத் தரகர்களிடம் விற்றுவிட்டார்கள். 1818 மார்ச் 18 சட்டம்தான் முதல் திருப்பம். கண்டப் படையில் குறைந்தது ஒன்பது மாதம் பணியாற்றி இப்போது வறுமையில் வாடுபவருக்குச் சிப்பாயானால் மாதம் எட்டு டாலர், அதிகாரியானால் இருபது டாலர். அரசு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பேர் வந்து நின்றார்கள். பதறிப்போன காங்கிரஸ் 1820-ல் ஒவ்வொருவரும் தம் சொத்துப் பட்டியலை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து தாக்கல் செய்ய வேண்டும் என்றது. ஆயிரக்கணக்கான பெயர்கள் நீக்கப்பட்டன.

அந்தச் சொத்துப் பட்டியல்கள் இன்று படிப்பவரை உலுக்கக்கூடியவை. கனெக்டிகட் படையில் பதினைந்து வயதில் சேர்ந்து போர் முடியும்வரை இருந்த ஜோசஃப் பிளம்ப் மார்ட்டின் தம்மிடம் இருப்பதாகக் கணக்குக் காட்டியவை இரண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்றி. அவருக்கு ஆண்டுக்கு 96 டாலர் கிடைத்தது. 1830-ல் அவர் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள் இன்று அந்தப் போரைப் பற்றி ஒரு சாதாரணச் சிப்பாய் எழுதிய மிகச் சிறந்த நூலாகக் கருதப்படுகின்றன. மெய்னில் அவர் உழுதுகொண்டிருந்த நிலம் தமக்குரியது என்று உரிமை கொண்டாடி வென்றவர், அதே போரில் பீரங்கிப் படைத் தலைவராக இருந்த ஹென்றி நாக்ஸ். இந்த நாக்ஸ் பற்றிச் சற்றுக் கீழே மறுபடி வரும்.

1832 ஜூன் 7 சட்டம் கதவை அகலத் திறந்தது. ஊர்ப்படையில் ஆறு மாதம் இருந்தவருக்கும் பங்கு உண்டு. இரண்டாண்டு இருந்தவருக்கு ஆயுள் முழுதும் முழுச் சம்பளம். வறுமையைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப்படைக்குப் பட்டியல்களே பல இடங்களில் இல்லை. ஆகவே போர்த்துறை வாய்வழிச் சாட்சியத்தை ஏற்க முன்வந்து, நீதிமன்றங்கள் கேட்க வேண்டிய கேள்விகளை வகுத்துக் கொடுத்தது. எங்கே, எந்த ஆண்டில் பிறந்தீர்? வயதுக்கு ஏதேனும் பதிவு உண்டா, அது எங்கே இருக்கிறது? படைக்கு அழைக்கப்பட்டபோது எந்த ஊரில் இருந்தீர், போருக்குப் பிறகு எங்கெல்லாம் வாழ்ந்தீர்? தாமாகச் சேர்ந்தீரா, கட்டாயமாக எடுத்தார்களா, பதிலாளா? உம் அதிகாரிகள் யார் யார்? உம்மை அறிந்த அக்கம்பக்கத்தார் பெயர் என்ன? ஒரு வம்சாவளி ஆய்வாளர் கேட்க நினைக்கும் கேள்விகள் எல்லாவற்றையும் ஓர் அலுவலகம் தன் செலவில் கேட்டு எழுதிவைத்துவிட்டது. எழுபது, எண்பது வயதுக் கிழவர்கள் நினைவிலிருந்து சொல்லச்சொல்ல நீதிமன்ற எழுத்தர் எழுதினார். சண்டைகளின் ஆண்டுகள் குழம்பியிருக்கும், தளபதிகளின் பெயர்கள் இடம் மாறியிருக்கும். காலில் செருப்பில்லாமல் நடந்த பனிக்காலம் மட்டும் தெளிவாக இருக்கும்.

பொய்யும் கலந்தது. மேற்கு வர்ஜீனியாவின் லூயிஸ் மாவட்டத்தில் மத்திய அரசு வழக்கறிஞர் சிங்கிள்டன் 1830களின் நடுவில் பென்ஷன்காரர்களை ஒவ்வொருவராக விசாரித்தபோது, பல கோரிக்கைகள் சட்டத்தில் நிற்காதவை என்று கண்டார். போர் முடிந்தபோது சிறு பையன்களாக இருந்தவர்களும் பட்டியலில் இருந்தார்கள். அந்த விசாரணைக் குறிப்புகளே இன்று வேறொரு சான்று: கிழவரின் உண்மையான வயது, அவர் இருந்த உண்மையான ஊர்.

குடும்ப வரலாற்றுக்குச் சிப்பாயின் கோப்பைவிட அவர் விதவையின் கோப்பே வளமானது. 1836-ல், படைச்சேவை முடிவதற்குமுன் மணந்த விதவைகளுக்கு முதலில் பென்ஷன் வந்தது. 1838-ல் அந்த வரம்பு 1794-க்கு முன் நடந்த திருமணம் என்று தளர்ந்தது. 1848-ல் 1800-க்கு நகர்ந்தது. 1853-ல் வரம்பே நீங்கியது. ஒவ்வொரு முறையும் திருமணத்தை நிரூபிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அரசுப் பதிவு அபூர்வம். எனவே மூதாட்டிகள் குடும்பப் பைபிளில் பிறப்பும் திருமணமும் எழுதிய தாளைக் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடும்பங்கள் பறவையும் பூவும் வரைந்த வண்ணப் பிறப்புச் சான்றுகளை இணைத்தன. அவை திரும்பப் போகவில்லை; இன்னும் கோப்புகளுக்குள்ளேயே இருக்கின்றன. ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற பெயரில் ஆணாக வேடமிட்டு மசாசூசெட்ஸ் ரெஜிமெண்டில் போரிட்ட டெபோரா சாம்சனின் விஷயத்தில் இது தலைகீழானது. சிப்பாயின் துணைவர் என்ற முறையில் விண்ணப்பித்தவர் அவர் கணவர். கணவரும் இறந்த பிறகு 1838-ல் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி வாரிசுகளுக்குத் தொகை கொடுத்தது.

பென்ஷன் பட்டியலில் இருந்த கடைசிச் சிப்பாய் டேனியல் பேக்மன் 1869-ல் இறந்தார். அவரால் தம் சேவையை ஒருபோதும் ஆவணத்தால் காட்ட முடியவில்லை. 1867-ல் காங்கிரஸ் தனிச் சட்டத்தால் அவருக்குப் பென்ஷன் அளித்தது. கடைசி விதவை எஸ்தர் டாமன் 1906-ல் வெர்மான்ட்டில் மறைந்தார். தம் இருபத்தோராம் வயதில், எழுபதைத் தாண்டிய முன்னாள் சிப்பாயை மணந்தவர் அவர்.

இப்படிச் சேர்ந்த பென்ஷன், மானிய நிலக் கோப்புகள் ஏறத்தாழ 80,000. தேசிய ஆவணக்காப்பகம் அவற்றை 2,670 மைக்ரோஃபிலிம் சுருள்களில் படமெடுத்தது. இன்று இணையத்தில் பார்க்கலாம். இதில் ஒரு வினோதமான ஏற்றத்தாழ்வு இருக்கிறது. நீண்டகாலம் வாழ்ந்த ஏழைக்கும், அவரைவிட இருபதாண்டு அதிகம் வாழ்ந்த மனைவிக்கும் தடித்த கோப்பு. களத்தில் இருபது வயதில் இறந்தவனுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான். கௌரவம் பார்த்துப் பென்ஷன் கேட்காத வசதிக்காரருக்கும் அதே நிலை.

மூதாதையரின் போர்ச்சேவையைக் குலப்பெருமையாக மாற்றும் முயற்சியைத் தொடங்கியவர் மேலே சொன்ன நாக்ஸ். 1783 மே மாதம் அவர் முன்முயற்சியில் கண்டப் படை அதிகாரிகள் சின்சினாட்டி சங்கத்தை அமைத்தார்கள். வாஷிங்டன் முதல் தலைவர். உறுப்பினர் உரிமை மூத்த ஆண் வாரிசுக்கு இறங்கும். மன்னரை விரட்டிய கையோடு பிரபுக்களை உண்டாக்குகிறார்களா என்று கடும் எதிர்ப்பு கிளம்பியது. தென் கரோலினா நீதிபதி ஈடனஸ் பர்க் அதே ஆண்டில் கண்டன நூல் எழுதினார். பாரிஸில் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784 ஜனவரியில் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில் கணக்குப் போட்டுக் கேலி செய்தார். மகனிடம் தந்தையின் பங்கு பாதி, பேரனிடம் கால். ஒன்பது தலைமுறை போனால் 512-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். பெருமை கீழே இறங்குவதைவிட, சீனர் செய்வதுபோல் பெற்றோருக்கு மேலே ஏறுவதே நியாயம் என்பது அவர் வாதம். ஃபிராங்க்ளின் சொன்ன ஒன்பது தலைமுறை கிட்டத்தட்ட இப்போது நிறைவாகிறது. கணக்கு சரி, ஆனால் அது யாரையும் தடுக்கவில்லை.

நூறாண்டு கழித்து அந்த ஆசை அதிகாரிகளின் வாரிசுகளைத் தாண்டிப் பரவியது. பாஸ்டனில் 1845-ல் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகம் தோன்றியிருந்தது. 1876-ல் சுதந்திர நூற்றாண்டு விழா நினைவைக் கிளறியது. தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கில் குடியேறிகள் வந்திறங்க, பழைய குடும்பங்களுக்குத் தாங்கள் முன்னால் வந்தவர்கள் என்று காட்டிக்கொள்ளும் தேவையும் எழுந்தது. 1889-ல் அமெரிக்கப் புரட்சியின் புதல்வர்கள் சங்கம் உருவாயிற்று. அது பெண்களைச் சேர்க்க மறுத்ததும், 1890 ஜூலையில் மேரி லாக்வுட் ‘வாஷிங்டன் போஸ்ட்’ இதழில் அதைச் சாடினார்; அக்டோபர் 11 அன்று புரட்சியின் புதல்வியர் சங்கம் அமைந்தது. குடியரசுத் தலைவரின் மனைவி கரோலின் ஹாரிசன் அதன் முதல் தலைவி. சிப்பாய்களின் சொந்த மகள்கள் பலர் அப்போது உயிரோடிருந்து அதில் சேர்ந்தார்கள். 1892-ல் வந்த குடியேற்றக் காலப் போர்கள் சங்கம், 1607-ல் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் முதல் லெக்சிங்டன் வரையிலான சேவையைக் கணக்கில் எடுத்தது.

புதல்வியர் சங்கத்தில் ஆயுதம் எடுத்தவர் மட்டும் முன்னோராக வேண்டியதில்லை. படைக்குத் தானியம் கொடுத்தவர், ஊர்ப் பொறுப்பு வகித்தவர், விசுவாசப் பிரமாணம் எடுத்தவர் எல்லாரும் ஏற்கப்படுவர். ஆனால் வழித்தோன்றல் இரத்த உறவாக இருக்க வேண்டும், தத்து செல்லாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு, முக்கியமாகப் பெற்றோர்–பிள்ளை இணைப்பு, சான்றோடு நிற்க வேண்டும்.

தேடுபவர் தம்மிடமிருந்து பின்னோக்கிப் போகிறார். 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை வழி ஓரளவு நேர். அதில்தான் முதன்முதலாகச் சுதந்திர மக்கள் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. அதற்கு முன், 1790-ன் முதல் கணக்கெடுப்பு தொட்டு, வீட்டுத் தலைவர் பெயரும் மற்றவர்களின் எண்ணிக்கையும்தான். 1840-ல் மட்டும் பென்ஷன் வாங்குவோரின் பெயரையும் வயதையும் தனியே குறித்தார்கள்; யாருடைய வீட்டில் கிழவர் தங்கியிருந்தார் என்பதும் அதில் தெரிகிறது. 1850-க்கும் 1780-க்கும் இடையிலான இந்த எழுபதாண்டில்தான் பெரும்பாலான வம்சாவளிகள் அறுந்துபோகின்றன. மகன்கள் ஒஹையோவுக்கும் கென்டக்கிக்கும் நகர்ந்துவிட்டார்கள். உயில், நிலப் பத்திரம், வரிப் பட்டியல், தேவாலய ஞானஸ்நானப் பதிவு என்று ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பது சாதாரணம். அவர்களில் போருக்குப் போனவரைத் தம் தாத்தாவாக எடுத்துக்கொள்வது அதைவிடச் சாதாரணம். ஆரம்பகால விண்ணப்பங்களில் குடும்பக் கதையே சான்றாக ஏற்கப்பட்டதால், இன்று அந்த வழிகள் பல மீண்டும் நிரூபிக்கக் கேட்கப்படுகின்றன. வேண்டுமென்றே செய்த மோசடியும் உண்டு. ஸ்வீடனில் பிறந்து நியூயார்க்கில் தொழில் நடத்திய குஸ்தாவ் ஆஞ்சூ, பணக்காரர்களுக்குக் கற்பனை வம்சாவளிகளைத் தயாரித்து விற்றார். உண்மைப் பதிவுகளுக்கு நடுவே இல்லாத உயில்களைச் செருகிய அவர் கைவண்ணம் இன்னும் பல மரபுநூல்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு எதிராக, மூல ஆவணத்தைப் பார்க்காமல் எதையும் எழுதக்கூடாது என்ற ஒழுங்கை 1920களிலிருந்து டொனால்ட் லைன்ஸ் ஜேக்கபஸ் நிலைநாட்டினார்.

விடுதலைப் பக்கம் கறுப்பினத்தவர் சுமார் 5,000 பேர் போரிட்டார்கள். 1778-ல் ரோட் ஐலண்ட், படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாகச் சொல்லி ஒரு ரெஜிமெண்ட் திரட்டியது. எசமானுக்குப் பதிலாளாகப் போனவர்களும் உண்டு. லிபர்ட்டி, ஃப்ரீமன், ஃப்ரீடம் என்று குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டு பட்டியலில் நின்றவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்குப் பென்ஷன் கோப்பு ஒன்றே வாழ்க்கைச் சான்று. ஆனால் சந்ததியார் கீழிருந்து தேடிவரும்போது 1870-ல் முட்டிக்கொள்கிறார்கள்: அதற்கு முந்தைய இரண்டு கணக்கெடுப்புகளில் அடிமைகள் எசமானரின் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும் நிறமுமாக மட்டுமே இருக்கிறார்கள்.

சங்கங்களின் மனத்தடை வேறு. 1939-ல் புதல்வியர் சங்கம் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தன் அரங்கைத் தர மறுத்தது. குடியரசுத் தலைவரின் மனைவி எலினர் ரூஸ்வெல்ட் அதன் உறுப்பினர் பதவியைத் துறந்தார். ஆண்டர்சன் லிங்கன் நினைவகப் படிகளில் பாடினார். 1977-ல்தான் கறுப்பினத்தவர் என்று அறியப்பட்ட முதல் உறுப்பினராக டெட்ராய்ட்டைச் சேர்ந்த கேரன் பேச்சலர் ஃபார்மர் சேர்ந்தார். 1980களில் லீனா ஃபெர்கூசன் என்ற கறுப்பினப் பெண், மெய்னின் வெள்ளைக்காரத் தேசபக்தர் ஒருவரின் வழித்தோன்றல் என்று நிறுவியும் உள்ளூர்க் கிளைகள் தயங்க, விவகாரம் பத்திரிகைக்கு வந்தது. அதன் முடிவில் சங்கம் கறுப்பினத்தவரின் போர்ச்சேவையை ஆராய ஒப்புக்கொண்டது. அந்தப் பணி 2008-ல் ‘மறக்கப்பட்ட தேசபக்தர்கள்’ என்ற பெருந்தொகுப்பாக விரிந்தது.

எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கும் வாரிசுகள் உண்டு. மன்னருக்கு விசுவாசமாக இருந்து கனடாவுக்குப் போனவர்களின் சந்ததியைத் தனியே குறிக்க 1789-ல் ஆளுநர் டார்செஸ்டர் பிரபு ஏற்பாடு செய்தார். அதன்படி பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து போட்டுக்கொள்ளும் உரிமையை இன்றும் கனடாக் குடும்பங்கள் ஆவணம் காட்டிப் பெறுகின்றன. 1783-ல் ஆங்கிலக் கப்பல்களில் நியூயார்க்கை விட்டுச் சென்ற ஏறத்தாழ 3,000 கறுப்பினத்தவரின் பெயர்களை ஆங்கிலேயர் ஒரு பேரேட்டில் பதிந்தார்கள். திரும்பிக் கேட்கக்கூடிய எசமானர்களுக்கு நட்டஈட்டுக் கணக்கு வைப்பதற்காக எழுதப்பட்ட அந்தப் பேரேடு, நோவா ஸ்கோஷியாவிலும் சியரா லியோனிலும் உள்ளவர்களுக்கு முதல் குடும்பப் பதிவாகியிருக்கிறது.

2014 முதல் புதல்வியர் சங்கம் ஆண்வழி டிஎன்ஏ பரிசோதனையையும் துணைச் சான்றாக ஏற்கிறது. தந்தையிலிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் வழிக்கே அது பயன்படும், ஆவணத்துக்கு மாற்றாகாது. தேசிய ஆவணக்காப்பகமும் தேசியப் பூங்காத் துறையும் சேர்ந்து தன்னார்வலர்களைக் கொண்டு பென்ஷன் கோப்புகளின் கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் படியெடுத்து வருகின்றன. முன்பு கோப்புகளை விண்ணப்பதாரரின் பெயரால் மட்டுமே தேட முடிந்தது. படியெடுத்த பக்கங்களில், அவருக்காகச் சத்தியம் செய்த அண்டைவீட்டுக்காரர், உடன்போன தம்பி, மனு எழுதக் காசில்லாமல் தாமே பென்ஷன் கேட்காமல் விட்ட சக சிப்பாய் ஆகியோரின் பெயர்களும் தேடலில் அகப்படத் தொடங்கியிருக்கின்றன.